தலைமுறைகளை இணைப்பது எப்படி: புதிய சேகரச் செயலாளருக்கு ஒரு கையேடு

மேலிடத்துச் சுற்றறிக்கை வந்துவிட்டது. இந்த ஆண்டின் கருப்பொருள் 'தலைமுறைகள் இணைந்த திருச்சபை'. டிசம்பருக்குள் இணைத்து முடித்து, புகைப்படங்களோடு அறிக்கை அனுப்பவேண்டும். நீங்கள் செயலாளராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பீரோ சாவியே இன்னும் பழைய செயலாளரிடம்தான் இருக்கிறது. பதறவேண்டாம். நம் திருச்சபைக்கு இணைப்பு வேலை புதிதல்ல. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்று தனித்தனியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களை ஒன்றாக்கும் பேச்சு 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27இல். நடுவில் 28 ஆண்டுகள். படித்த ஆயர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்தபோது, ஒரே வீட்டில் ஒரே டிவி ரிமோட்டுக்கு மல்லுக்கட்டும் தாத்தாவையும் பேரனையும் ஒன்பது மாதத்தில் இணைக்கச் சொல்வது நியாயமா என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். சுற்றறிக்கையின் கீழே 'விளக்கம் கேட்கும் சேகரங்கள் கவனிக்கப்படும்' என்று போட்டிருக்காது, ஆனாலும் கவனிக்கப்படும்.

முதல் வேலை ஃப்ளெக்ஸ். மேலே பேராயர் படம், அதற்குச் சற்றுக் குறைந்த அளவில் சேகர குருவானவர் படம், அதற்கும் குறைந்த அளவில் உங்கள் படம். கீழே ஒரு தாத்தாவும் பேரனும் சேர்ந்து புத்தகம் பார்ப்பதுபோல ஒரு படம் வேண்டும். உள்ளூர்த் தாத்தா யாரையும் போட்டுவிடாதீர்கள். மற்ற தாத்தாக்கள் அவர் சபைத் தேர்தலில் எந்த அணிக்கு ஓட்டுப்போட்டார் என்று விசாரிப்பார்கள். ஃப்ளெக்ஸ் கடைத் தம்பியிடம் சொன்னால் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவை இறக்கித் தருவான். அவருக்கு நம் சேகரத்தில் எதிரிகள் இல்லை.

அடுத்தது கமிட்டி. தலைமுறைக்கு ஒருவர் வீதம் எடுப்பதாகப் பீடத்திலிருந்து அறிவியுங்கள். வாலிபர் பிரதிநிதியாக வாலிபர் ஐக்கியத்தின் ஆலோசகர் இருப்பார். அவருடைய மூத்த மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பதை யாரும் பெரிதுபடுத்தக்கூடாது. பெண்கள் பிரதிநிதி குருவானவரின் மனைவி ஐயரம்மா. அவர்களைக் கேட்காமலே எழுதிக்கொள்ளலாம், வழக்கம் அதுதான். உண்மையிலேயே இருபது வயதில் யாராவது வேண்டுமென்று ஒருவர் அடம்பிடித்தால், ஒரு பையனைச் சிறப்பு அழைப்பாளராகச் சேர்த்து, கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு வையுங்கள். அவன் கல்லூரியில் இருப்பான். வரமுடியாததற்கு வருத்தம் தெரிவித்ததாகக் குறிப்பேட்டில் எழுதிவிடலாம். பொருளாளரைக் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 ஆண்டுகளாக ரசீது இல்லாமல் ஒரு மெழுகுவத்திகூட வாங்காத மனிதர் அவர். கமிட்டிக்கு வடையும் டீயும் உண்டா என்பது அவர் கையில் இருக்கிறது.

இணைப்பதற்கு முன் பிரிக்கவேண்டும்

இதைப் பலர் புரிந்துகொள்வதில்லை. பிரிந்திருக்கிறவர்களைத்தானே இணைக்கமுடியும்? எனவே முதலில் வயதுவாரியாக நன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதியோருக்கு விடியற்காலை ஆராதனை. குடும்பங்களுக்கு எட்டரை மணி. வாலிபருக்கு மாலை ஆறுமணிக்கு கிட்டாரோடு ஒன்று. பிரசங்கம் ஆரம்பித்ததும் சிறுபிள்ளைகள் வரிசையாக ஓய்வுநாள் பள்ளிக்கு வெளியேறவேண்டும். பெண்களுக்குத் தனியாக உபவாச ஜெபம் இருக்கவே இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் ஒரே கோயிலுக்கு வரும் பாட்டியும் பேத்தியும் ஓர் ஆண்டு முழுக்க ஒருவரையொருவர் அங்கே பார்க்காமலே இருக்கலாம். மின்கட்டணம் மட்டும் பொது.

இது பற்றாது என்றால் காலண்டர் உதவிக்கு வரும். ஆண்கள் ஞாயிறு, பெண்கள் ஞாயிறு, வாலிபர் ஞாயிறு, பாலர் ஞாயிறு என்று ஏற்கெனவே ஞாயிறுகளைப் பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறோம். வாலிபர் ஞாயிறன்று வாலிபர் வேதம் வாசிப்பார்கள், காணிக்கை எடுப்பார்கள், விசேஷப் பாட்டு பாடுவார்கள். பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்துவார்கள். மறு ஞாயிறு எல்லாம் பழையபடி. ஆண்டுக்கு ஒருநாள் கிடைத்ததே என்று வாலிபரும், ஆண்டுக்கு ஒருநாள்தானே என்று பெரியவர்களும் ஆறுதல் அடைவார்கள்.

பிரசங்க வசனத்தில் ஐயரவர்களுக்கு நீங்கள் மரியாதையோடு ஆலோசனை சொல்லலாம். வாலிபர் ஞாயிறுக்கு ரெகொபெயாம் ராஜா கதை பொருத்தம். முதியோர் சொன்ன ஆலோசனையைத் தள்ளிவிட்டுத் தன்னோடு வளர்ந்த பயல்கள் பேச்சைக் கேட்டான், ராஜ்யம் இரண்டாக உடைந்தது. சரித்திர ஆதாரத்தோடு வாலிபரை வாழ்த்த இதைவிட வேறு பகுதி கிடைக்காது. பாலர் ஞாயிறுக்கு சிறுவன் சாமுவேல் கதை எப்போதும் எடுக்கப்படுவதுதான். ஆனால் அதில் ஜாக்கிரதை வேண்டும். இராத்திரியில் கூப்பிடும் சத்தம் சிறுவனுக்குத்தான் கேட்கிறது. கண் மங்கிய ஆசாரியர் ஏலிக்குக் கேட்கவில்லை. அதேசமயம், கூப்பிடுகிறது யார் என்பது பையனுக்குத் தெரியவில்லை. மூன்று தடவை எழுந்து ஓடிவந்து கிழவரை எழுப்புகிறான். மூன்றாவது தடவைதான் அவர் விஷயத்தைப் பிடித்து, இனிமேல் கூப்பிட்டால் என்ன பதில் சொல்லவேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார். காது ஒருவனுக்கு, அனுபவம் இன்னொருவருக்கு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் செய்தி வந்து சேர்ந்திருக்காது. போதாக்குறைக்கு வந்த செய்தியே ஏலியின் வீட்டைப் பற்றிய கண்டனம். விடிந்ததும் அதையும் ஒளிக்காமல் சொல் என்று பையனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார் மனிதர். இவ்வளவையும் பிரசங்கித்தால் சபையில் வீண் யோசனைகள் கிளம்பும். 'சாமுவேல் பெரியவர் கூப்பிட்டதாக நினைத்தவுடன் ஓடினான், நீங்கள் ஓடுகிறீர்களா பிள்ளைகளே' என்ற இடத்தில் நிறுத்திவிடுவது உத்தமம்.

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசுவார்கள் அல்லவா? அதில் ஒன்றை வாலிபருக்குக் கொடுத்தால் சுற்றறிக்கைக்கு நல்ல படம் கிடைக்கும். ஐந்தாம் வார்த்தையைக் கொடுங்கள். 'தாகமாயிருக்கிறேன்', தமிழில் ஒரே சொல். ஆறு பெரியவர்கள் ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டதுபோக ஏழாவது ஆளுக்கு எவ்வளவு மிஞ்சுமோ அதற்குள் அவன் முடித்துக்கொள்வான். அந்தச் சமயத்தில் சபையாருக்கும் அந்த ஒரு சொல்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கும், கோடை வெயில் தொடங்குகிற காலமல்லவா.

பாட்டு விஷயம்

மற்ற எதிலும் தவறலாம், இதில் தவறக்கூடாது. சபை உடைந்தால் உபதேசத்தால் உடைவது அபூர்வம். டிரம்ஸால் உடையும்.

உங்கள் சபையில் பாட்டுக்கு மூன்று கட்சி உண்டு. பாமாலைக் கட்சி மேல்நாட்டு மெட்டில், நான்கு குரலில், புத்தகத்தைக் கண்ணெதிரே உயர்த்திப் பிடித்துப் பாடும். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்துக் கோயிலில் கொயரில் பாடியவர் ஒருவர் எந்தச் சபைக்குக் குடிவந்தாலும் அந்தக் கட்சிக்குத் தலைவர் கிடைத்துவிட்டார். கீர்த்தனைக் கட்சிக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வரிசை உண்டு, பாட்டின் தலைமாட்டில் இராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும், கடைசிச் சரணத்தை விட்டுவிட்டால் கோபம் வரும். மூன்றாவது கட்சிக்குப் புத்தகமே கிடையாது. அவர்கள் பாட்டு திரையில் ஓடும்.

'ஏல, இது பாட்டால, இடியால? ஒரே வரிய எத்தன தடவல பாடுவிய?' என்று மூத்தவர் கேட்பார். 'நீங்க மட்டும் பத்துச் சரணம் பாடலியா மாமா?' என்று பதில் வரும். 'பத்துச் சரணத்துல பத்து சங்கதி இருக்குல!' இந்த உரையாடலை நீங்கள் நீட்டிக்க விடக்கூடாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. உண்மை கமிட்டிக்கு ஆகாது.

சரித்திரம் தெரிந்த யாராவது கூட்டத்தில் எழுந்தால் உடனே ஜெபத்தோடு முடித்துவிடுங்கள். அவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கீர்த்தனைகள் வழிபாட்டுக்கென்று புத்தகமாகத் தொகுக்கப்பட்டது 1853இல், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவரால். அதில் பெரும்பங்கு தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாருடையது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1706இல், சீகன்பால்க் என்ற மிஷனரி ஐரோப்பிய மெட்டுகளோடு தரங்கம்பாடியில் இறங்கிவிட்டார். அதாவது, ஐரோப்பிய மெட்டுக்குத் தமிழ் வரி பொருத்திப் பாடிய காலம்தான் நம்மிடம் மூத்தது. இன்று 'நம் பாரம்பரியம்' என்று நாம் கட்டிக்காக்கும் கீர்த்தனை ஒரு காலத்தில் கச்சேரிச் சரக்காகக் கோயில் வாசலில் நின்ற புதுப்பாட்டு. ஆர்மோனியத்தைச் சொல்லவே வேண்டாம். 1840களில் பாரிசில் காப்புரிமை வாங்கிய பெட்டி அது. கீபோர்டு வந்த நாளில் 'ஆர்மோனியம் இருந்த இடத்தில் அந்நியப் பொருளா' என்று கண்ணீர் விட்ட பெரியவருக்கு இதைச் சொன்னால் மனம் தாங்காது.

சாஸ்திரியார் கதை இன்னும் சிக்கல். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நம் ஊர்க்காரர். பன்னிரண்டு வயதில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போனார். குறவஞ்சி என்ற நாட்டு வடிவத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடிய புதுமைக்காரர். அதே மனிதர் 1820களில், புதிதாக வந்த மிஷனரிகள் வேதப்புத்தகத்தின் தமிழை மாற்றுகிறார்கள், பாட்டை மாற்றுகிறார்கள் என்று கடுமையாக எழுதிச் சண்டைபோட்ட பழமைக்காரர். 1829இல் மிஷன் வேலையே போயிற்று. இன்றைக்கு நம் கமிட்டிக் கூட்டத்துக்கு அவர் வந்தால் எந்தப் பெஞ்சில் உட்காரவைப்பீர்கள்? அந்தச் சண்டையில் இன்னொரு விஷயமும் இருந்தது, மேடையில் யாரும் சொல்வதில்லை: கோயிலுக்குள் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை மிஷனரிகள் எடுக்கச் சொன்னபோது அதையும் அவர் எதிர்த்தார். பழையது என்ற ஒரே காரணத்துக்காகப் பாதுகாக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. பெரியவர்கள் எதை விட்டுத்தரவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இணைப்பில் சேருமா என்று என்னைக் கேட்டால், சேரும் என்பேன். கமிட்டியைக் கேட்டால் காலம் போதாது என்பார்கள்.

வேதப்புத்தகத் தமிழும் அப்படித்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரீஷியஸ் மொழிபெயர்ப்பு வந்தது. அதில் ஊறியவர்களுக்கு இரேனியஸ் ஐயரின் திருத்தம் பிடிக்கவில்லை. பிறகு பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து முடித்தது 1871இல் முழுமையாக வந்தது. அதுதான் இன்று உங்கள் சபைப் பெரியவர் கையில் தோலட்டையோடு இருப்பது. பரலோகத்தில் பேசும் தமிழ் அதுவே என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அவருடைய கொள்ளுத்தாத்தா அதை எப்படி வரவேற்றார் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

நடைமுறைக்கு வருவோம். சோதித்துப் பார்க்கப்பட்ட சமரசம் ஒன்று இருக்கிறது. ஆராதனைக்கு முன் பத்து நிமிடம் புதுப்பாட்டு என்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் பெரியவர்கள் இரண்டாம் மணிக்காக வேப்பமரத்தடியில் நின்று தேர்தல் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆராதனை தொடங்கிப் பாமாலை ஆரம்பிக்கும்போது வாலிபர் தண்ணீர் குடிக்க வெளியே போயிருப்பார்கள். ஒவ்வொரு தலைமுறையும் வெற்றுப் பெஞ்சுகளைப் பார்த்து மனதாரப் பாடலாம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஒரே ஒரு ஆபத்து சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சியில் உண்டு. எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் நடந்தது. கீபோர்டு வாசிக்கும் பையன் ஒரு கீர்த்தனைக்கு ஸ்வரம் பிடிக்கமுடியாமல், ஆர்மோனியக்காரப் பெரியவரிடம் போய், 'தாத்தா, மோகனத்துல நி வருமா?' என்று கேட்டுவிட்டான். 'வராதுல. மவும் வராது. அஞ்சே ஸ்வரம்' என்றார். அவன் ஐந்தையும் அழுத்திப் பார்த்துவிட்டு, 'இத நாங்க பென்டடானிக்னுலா படிச்சோம்! கிட்டார்ல மொத மாசமே சொல்லித்தருவாங்க' என்றான். 'எங்க, வாசி பாப்பம்.' வாசித்தான். அவர் பாடினார். இரவு ஒன்பது மணிக்குக் கோயில் பூட்டவந்தவர் விளக்கை அணைக்கும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. தீர்மானம் இல்லை, தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை. இப்படி முன் அனுமதியின்றி நடக்கும் இணைப்புகளுக்குக் கமிட்டி பொறுப்பேற்க இயலாது. பயிற்சி நேரங்களைத் தனித்தனியாக வைத்துவிடுங்கள்.

பொறுப்புகள், மரியாதைகள்

வாலிபருக்குப் பொறுப்பு கொடுக்கவேண்டும் என்று எல்லாக் கருத்தரங்கிலும் சொல்கிறார்கள். கொடுங்கள். நாற்காலி அடுக்குவது, வண்டி நிறுத்தும் இடத்தில் விசில் ஊதுவது, திரைக்கு வரி ஏற்றுவது, யூடியூப் நேரலைக்குக் கம்பத்தில் ஏறி ஒயர் கட்டுவது. பட்ஜெட் பொறுப்பைக் கேட்டால், உன் வயதில் நாங்கள் கேட்டோமா என்று கேளுங்கள். கேட்டிருந்தால் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்குமே என்று அவன் சொல்லக்கூடும். அப்போது நாற்காலி குறைகிறது என்று அனுப்பிவிடுங்கள்.

திடப்படுத்தல் முடிந்த பிள்ளைகள் மறைந்துபோவது குறித்தும் கவலை வேண்டாம். விசுவாசப்பிரமாணமும் பத்துக் கட்டளையும் ஒப்பித்து, வெள்ளை உடுத்தி, பேராயர் கைவைத்து ஜெபித்து, முதல் திருவிருந்து எடுத்த மறுவாரம் காணாமல் போனவர்கள் கல்யாண ஓலை வாசிக்கும் மூன்று ஞாயிறுகளுக்குத் திரும்ப வருவார்கள். இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிலர் பெங்களூரில் இருப்பார்கள், சிலர் வளைகுடாவில் இருப்பார்கள். ஒன்றிரண்டு பேர் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளித் தகரக்கூரை ஜெபவீட்டில் டிரம்ஸ் வாசிப்பார்கள். அங்கே அவனை யார் உட்காரவைத்தது என்று விசாரிப்பதை விட, இங்கே அவனை யார் எழுப்பிவிட்டது என்று விசாரித்தால் பெயர்கள் வெளிவரும். ஆகவே இரண்டையும் விசாரிக்கவேண்டாம்.

முதியோருக்குப் பொன்னாடை. எண்பது கடந்தவர்களை வருடம் ஒருநாள் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, போர்த்தி, கைதட்டி, படம் எடுத்து, இறக்கிவிடலாம். அவர்களிடம் ஏதாவது கேட்கவேண்டும் என்ற அவசியம் இல்லை. கைப்பிடி அரிசி பிடித்துப் பிடித்து இந்தக் கோயிலின் சுவர் எழும்பிய கதை ஒருவேளை அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். தினமும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைக் கலயத்தில் தனியே எடுத்துவைத்து, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவந்த பெண்களில் மிச்சமிருக்கிறவர் அவர் ஒருவராக இருக்கலாம். மைக்கைக் கொடுத்தால் பேசுவார். நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமில்லை. நன்றியுரைக்கே நேரம் பற்றாது.

தேர்தல் காலத்தை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அப்போது உங்கள் உதவி இல்லாமலே தலைமுறைகள் இணைந்துவிடும். நடக்கமுடியாத பாட்டிக்கு ஆட்டோ வரும். ஓசூரிலிருக்கும் பேரனுக்கு ஆம்னி பஸ் டிக்கெட் வரும். சங்கக் காணிக்கை பாக்கியை யாரோ கட்டியிருப்பார்கள். மூன்று தலைமுறையும் ஒரே வரிசையில் நின்று ஒரே அணிக்குப் போடும். சுற்றறிக்கைக்கான புகைப்படத்தை அன்றே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அறிக்கையையும் இப்போதே எழுதிவைத்துவிடலாம். 'பங்கேற்றோர் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் கிறிஸ்மஸ் காலை ஆராதனைக் கூட்டத்தைப் போடவும். 'ஏற்பட்ட மாற்றங்கள்' என்ற கட்டத்தில் 'கர்த்தருடைய கிருபையால் பல' என்று போடவும்.

எச்சரிக்கை: அசனம்

இதுவரை சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும், ஆண்டில் ஓர் இரவு உங்கள் திட்டத்தைக் கெடுத்துவிடும்.

சின்னச் சின்ன ஆபத்துகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில், ஆறு வயதுப் பிள்ளை காணிக்கையாகக் கொண்டுவந்த ஒற்றைக் கோழிமுட்டையை இரண்டு கிழவர்கள் போட்டிபோட்டு ஏற்றி, கோழி விலைக்கு மேல் கொண்டுபோய்விடுவார்கள். ஏலம் போடுகிறவர் 'ரெண்டு தரம்' என்று இழுக்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காதிருப்பது நல்லது. மார்கழி அதிகாலைப் பஜனையில் டோலக்கு அடிப்பவருக்கு வயது எழுபது, தாளம் தூக்குகிறவனுக்குப் பத்து. 2020 ஏப்ரலில் ஈஸ்டர் அன்று கோயில் பூட்டிக்கிடந்தது. ஆராதனை கைப்பேசிக்கு வந்தது. பேத்தி கையில் பிடித்திருக்க, பாட்டி சபையார் சொல்லவேண்டிய மறுமொழிகளைப் புத்தகம் பாராமல் சொல்லிக்கொண்டே போக, பேத்தி ஒன்றிரண்டைக் கூடச் சேர்ந்து சொல்லிவிட்டாள். அந்த மாதங்களில் எந்தக் கமிட்டியும் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அசனம் என்னும் கோயில் விருந்து பெரிய விஷயம். அன்று ஊர் முழுக்கச் சாப்பிடவேண்டும். நம் சபை, அடுத்த சபை, கோயிலுக்கே வராத தெரு எல்லாம் வரும், தூக்குச்சட்டியும் வாளியும் கொண்டுவந்து வீட்டுக்கும் வாங்கிப்போகும். பொருத்தனை ஆடுகள் ஒரு வாரமாகவே காம்பவுண்டு வேலியில் கட்டிக் கத்திக்கொண்டிருக்கும். முந்தின இரவு தார்ப்பாய் விரித்து, டியூப்லைட் கட்டி, மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயத்தைக் கொட்டிவிட்டால் அதன்பிறகு வயதுவாரியாக யாரையும் உட்காரவைக்கமுடியாது. வெங்காயம் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கே இடம். சங்கீத ஆசிரியை பக்கத்தில் பத்தாம் வகுப்பில் தோற்ற பையன் இருப்பான். கத்தரிக்காயை எந்த அளவில் நறுக்கவேண்டும் என்பதில் மூன்று அத்தைமாருக்குள் கருத்து வேறுபாடு வரும். ஐடி வேலையில் இருந்து லீவில் வந்தவள் தேங்காய் துருவத் தெரியாமல் கையைக் கீறிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பெரியம்மாவிடம் கற்றுக்கொள்வாள். 'நீ பேனா புடிக்கதுபோலலா புடிக்கே. சிரட்டைய உள்ளங்கையில வையி.' கற்றுக்கொடுத்த கையோடு பெரியம்மா தன் மருமகளைப் பற்றிய முழு விவரத்தையும் அவளிடம் ஒப்படைப்பாள்.

நள்ளிரவுக்கு மேல் பேச்சு மாறும். யார் எப்போது சபையை விட்டுப் போனது, ஏன் போனது, தாத்தாவுக்கும் இவனுடைய சின்னத் தாத்தாவுக்கும் பேச்சுவார்த்தை நின்றது எந்த ஆண்டு என்பதெல்லாம் வெங்காயத் தோலோடு சேர்ந்து வெளியே வரும். ஓய்வுநாள் பள்ளியில் பத்து ஆண்டு உட்கார்ந்தும் தெரிந்துகொள்ளாத சபைச் சரித்திரத்தை ஒரு பையன் மூன்று படி வெங்காயத்துக்குள் தெரிந்துகொள்வான். விறகடுப்பின் பக்கம் சமையல் அண்ணாச்சி, நேற்றுவரை யாரும் தீக்குச்சி கொடுக்க நம்பாத பயல்களிடம் ஆளுயர அண்டாவின் சட்டுவத்தைக் கொடுத்து, 'அடி பிடிச்சா ஒன் கண்ண நோண்டிருவேன், கிண்டுல' என்பார். அவன் விடியும்வரை கிண்டுவான். வாலிபர் தலைமைப் பயிற்சி முகாமுக்கு நாம் செலவிட்ட தொகையை நினைத்தால் வயிறு எரியும்.

பதினோரு பேர் கமிட்டி ஒன்பது மாதம் செய்யவேண்டிய வேலையை ஐந்து மூட்டை வெங்காயம் ஒரே இரவில் செய்து முடித்துவிட்டால், அடுத்த ஆண்டு கமிட்டி எதற்கு என்ற கேள்வி வரும். வராமல் தடுப்பது செயலாளரின் கடமை. வழி இருக்கிறது, பல சேகரங்கள் கண்டுபிடித்துவிட்டன: கேட்டரிங். போன் போட்டால் போதும், உரித்த வெங்காயம், நறுக்கிய காய், வெட்டிய கறி எல்லாம் வேனில் வந்து இறங்கும். சுத்தம், சுகாதாரம், நேரம் மிச்சம் என்று மூன்று காரணங்களைக் கமிட்டியில் வையுங்கள். மூன்றும் உண்மையாகவே இருக்கும் என்பதால் யாரும் எதிர்க்கமுடியாது. தட்டு கழுவும் வேலையும் இல்லை, பார்சல் போட்டுக் கையில் கொடுத்தால் அவரவர் வீட்டில் அவரவர் டிவி முன்னால் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

முன்பணம் கேட்பார்கள். செக்கில் உங்கள் கையெழுத்தோடு பொருளாளர் கையெழுத்தும் வேண்டும். அவரை வீட்டில் தேடாதீர்கள். பயல்கள் இந்த ஆண்டும் நாங்களே வெட்டுவோம் என்று நேற்றே மூட்டையை இறக்கிவிட்டார்கள், ரசீது சரிபார்க்கப் போனவர் திரும்பவில்லை. கொட்டகையில் தார்ப்பாயின் மூன்றாவது மூலையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூண்டு உரிக்கும் இரண்டு பொடியன்களுக்கு நடுவில் இருப்பார். கூப்பிட்டால் உடனே எழுந்துவர மாட்டார். வந்தால் கையைக் கழுவிவிட்டுப் பேனாவைத் தொடச் சொல்லுங்கள். வெங்காயச் சாறு பட்டுக் கையெழுத்து கலைந்தால் வங்கியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.